நகரின் புகையும் ஏரியின் கரையும்

பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு ஒரு காலத்தில் நீர்வழியே செல்லலாம். 1806இல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் ஏரியைத் தொட்டு ஆந்திரக் கரையெங்கும் நீண்டு, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் தோணிகளில் வந்தன. பாயும் கழியும் இழுகயிறும் இயக்கிய அப்போக்குவரத்தில் புகையென்பதே இல்லை.

புயல்களும் தூர்ந்த மணலும் கால்வாயைக் கெடுத்தன. எஞ்சியதை நகரமே கெடுத்தது. பறக்கும் இரயிலுக்கான தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டனர். ஒரு பொதுப் போக்குவரத்தைப் புதைத்து மற்றொன்றை எழுப்புவது எவ்வகை அறிவு? 2008இல் தேசிய நீர்வழி என அறிவித்தும் சென்னைப் படகு பழவேற்காடு வந்தபாடில்லை.

2025 ஜூனில் சென்னையில் 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். பலர் ஒரே வண்டியில் செல்வதே பெரும் சிக்கனம். ஆயினும் அம்மின்சாரத்தில் நிலக்கரிக்கும் பங்குண்டு. வடசென்னை அனல்மின் நிலையம் நிற்பதோ எண்ணூர்க் கழிமுகத்தருகே. வெளிச்சம் நகருக்கு, சாம்பல் மீனவர் வலைக்கு! கதிரொளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகாதவரை இக்கணக்கு நேராகாது. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவதும், புகைக்குப் பெரும் பொறுப்பில்லாத முகத்துவாரக் குப்பங்களே அன்றோ?

நகர எல்லையோடு திட்டம் நின்றுவிடலாகாது. புறநகர் இரயில் பொன்னேரியில் நிற்கிறது. அங்கிருந்து ஏரிக்கரைக்கு, இரயில் நேரத்துக்கு இசைந்த பேருந்துகள் வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை, நன்று. அவர்தம் மீன்கூடைக்கும் முகஞ்சுளிக்காமல் இடம் தரவேண்டும் என்கிறோம்.