உள்வாயில் நட்ட மனைக்கல்

2015 டிசம்பரில் சென்னையின் மொட்டை மாடிகளில் நின்று படகுக்காகக் கையசைத்தோம். 2019 ஜூனில் அதே தெருக்களில் குடங்களை வரிசை வைத்து லாரிக்குக் காத்திருந்தோம். இரண்டுக்கும் நடுவே நான்கு ஆண்டுகூட இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு தரை வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். அது வேலூர்ப் பக்கத்து வறண்ட ஊர்களுக்காகக் காவிரியிலிருந்து கொண்டுவந்த கூட்டுக் குடிநீர். அவர்கள் பங்கில் கைவைக்கிறோமே என்ற கூச்சம்கூட நமக்கு வரவில்லை. முந்தைய ஆண்டு இதே நெருக்கடியில் இருந்த கேப் டவுன், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளவு வைத்துக் குழாய் நிற்கும் நாளைத் தள்ளிப்போட்டது. நாம் அப்படி ஓர் அளவை நமக்கு வைத்துக்கொள்ளவில்லை. வசதி உள்ளவர்கள் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டினோம். இல்லாதவர்கள் அடிபம்பு அருகே ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள்.

மழை பொய்த்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில நாளைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்கள் ஓடும். இது தெரிந்துதான் ஏரி ஏரியாக வெட்டினார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. மேலூர் ஏரி நிரம்பினால் கலுங்கு வழியே இறங்கி வரத்துக்காலில் ஓடிக் கீழூர் ஏரியை நிரப்பும். ஓர் ஊர் வாய்க்காலை அடைத்தால் அடுத்த ஊர் காயும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேச நமக்கு அலுப்பதே இல்லை. 919, 921 ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் குடவோலையைக் கண்டு மார்தட்டுகிறோம். அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வரியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

ஏரிக்குள் நிற்கும் குமிழித்தூம்பைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். இரண்டு கல் தூண்களுக்கு நடுவே தரையோடு ஒரு கல் தொட்டி. அதில் தெளிந்த நீர் இறங்க மேலே ஒரு துளை, அடிச்சேறு வெளியேறக் கீழே துளைகள். பாசனத்துக்குத் திறக்கும்போதே வண்டலும் போய்விடும். நிறைந்த ஏரியில் மூச்சடக்கி மூழ்கி அந்த அடைப்பைத் தூக்கியவர் ஊரின் மடையர், நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்தக் கரையில் நண்டு வளை வைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பல ஊர்களில் அவர் சேரியைச் சேர்ந்தவர். ஊர் வயல் முழுவதற்கும் தண்ணீர் பங்கிட்டவரை ஊர்க் கிணற்றில் ஒரு குடம் சேந்த நாம் விடவில்லை. அறுவடைக்களத்தில் அவருக்கு அளந்த நெல்லையும் நிறுத்தினோம். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், போனது சரிதான். அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நம் தண்ணீர்க் கதையில் மிகப் பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊரே கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்தை வெள்ளைக்காரன் கெடுத்தான் என்பது பாதி உண்மை. ஏரி அரசாங்கச் சொத்தானபோது அவன் இருந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அதை ஊர்ப் பொறுப்பாகத் திரும்பக் கேட்காதது நாம். போர் போட்டால் தண்ணீர் வந்தது, மோட்டாருக்கு மின்சாரமும் இலவசமாகக் கிடைத்தது, யாருக்கு வேண்டும் ஏரி? கரையில் சீமைக் கருவேலம் மண்டியது. கோவைப் பக்கம் ஆயிரம் அடி தாண்டியும் துளை இறங்குகிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் நல்ல தண்ணீரை இறைத்து இறைத்துக் கடலை உள்ளே வரவிட்டோம். பிறகு 2010-ல் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்க ஆலை வைத்தோம்.

நகரத்தில் ஏரியை மண்ணாகப் பார்த்தோம். நுங்கம்பாக்கத்து நெடும் ஏரியைத் தூர்த்து வீடு கட்டினோம். வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்த வள்ளுவருக்குக் கோட்டம் எழுப்பியதும் அந்த ஏரி நிலத்தில்தான். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகநேரிக் கண்மாயில். பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையைக் கொட்டினோம். அரசு மட்டும் செய்ததல்ல இது. ஏரியின் உள்வாயில் மனைக்கல் நட்டு விற்றவர் நம்மில் ஒருவர். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்று கேட்காமல் வாங்கியவர்களும் நாம்தான்.

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். அந்த ஆண்டுகளில் சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓராண்டில் விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் பத்துக்கு மேல். சட்டத்துக்குப் பிறகு வீடு கட்டிய பலர் அனுமதிக்காக ஒரு குழாயை மண்ணில் செருகி நிறுத்தினோம். ஒழுங்காகக் கட்டிய குழிகளிலோ ஜல்லியும் மணலும் அடைத்துப் போய், மேலே கார் நிற்கிறது. சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் கொடுத்துவிட்டு அதற்கும் அதிகமாகச் சாக்கடையில் விடுகிறது. கழிவுநீர் வரும் மெல்லிய குழாயின் வாயில் ஒரு வாளி வைத்தால் பாத்திரம் தேய்க்க ஆகும், பல வீடுகளில் வைப்பதில்லை.

காரை நகர்த்தி, மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து, அந்த மணலை அள்ளி அலசிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பெயின்ட் அடிப்பதும் கேமரா வைப்பதும் பேசப்படுகின்றன. குழி பேச்சுக்கு வருவதில்லை. அக்டோபரில் பருவமழை வந்துவிடும்.