கீசரை யார் சர்வீஸ் செய்வது... ஓனரா, குடியிருப்பவரா?

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய், பக்கெட் எல்லாம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அதே உப்பு கீசருக்குள்ளும் படிகிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டிவிடுகிறது. சூடேறும்போது அந்த உப்பு காயில் மீது ஓடு போல ஒட்டிக்கொள்ளும். காயில் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகும்.

டேங்க்கைத் துருவிலிருந்து காப்பது உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆனோட் ராடு. டேங்க்குக்குப் பதில் அது அரிபடும். அது தீர்ந்தால் அடுத்து டேங்க்தான்.

இதைவிட ஆபத்து, சேஃப்டி வால்வை உப்பு அடைப்பது. தெர்மோஸ்டாட்டும் பழுதானால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது. டேங்க் வெடிக்கலாம்.

என்ன செய்யலாம்?

வருஷத்துக்கு ஒருமுறை டேங்க்கைக் கழுவி, ராடு, வால்வு இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம்.

வாடகை வீட்டில் சிக்கலே வேறு. ‘ஓனர் பாத்துப்பார்’ என்று இவரும், ‘யூஸ் பண்றவங்க பாத்துக்கட்டும்’ என்று அவரும் விட்டுவிடுகிறார்கள். பெயின்டிங் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறோம். கீசர் சர்வீஸுக்கும் ஒரு வரி எழுதலாமே!