வேகமா ஓடுது சரி, விடை சரியா?

மெஸ் சாம்பாருக்கு அடுத்தபடியா நம்ம ஈசிஇ பசங்க அதிகம் சண்டை போடுற விஷயம் ஒண்ணு இருக்கு: எந்த சிமுலேட்டர் வேகம்? எல்டிஸ்பைஸ்தான் ராக்கெட் என்பான் ஒருத்தன். என்ஜிஸ்பைஸ் லினக்ஸில் போட்டுப் பாரு மச்சி என்பான் இன்னொருத்தன். லேப்ல இருக்கிற லைசென்ஸ் சாஃப்ட்வேர்தான் உண்மையான இண்டஸ்ட்ரி டூல் என்று மூன்றாவது ஆள் வருவான். ராத்திரி ஒரு மணி வரை போகும்.

மூன்றாம் ஆண்டில் நானே இதுக்கு நடுவராக இறங்கினேன். மினி ப்ராஜெக்ட்டுக்கு ஒரே ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் சர்க்யூட்டை மூன்று சாஃப்ட்வேரில் வரைந்து, ரன் அழுத்தி, மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுத்தேன். ஒன்றில் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் டீக்கடைக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. பார் கிராஃப் போட்டு, போஸ்டர் அடித்து, டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் பரிசும் வாங்கினேன். பரிசு வாங்கிய அன்று செகண்ட் இயர் பையன் ஒருத்தன் போஸ்டர் முன்னாடி நின்று கேட்டான்: "அண்ணா, மூணுலயும் ஒரே விடைதான் வந்துச்சா?"

நான் பார்க்கவே இல்லை. திரையில் மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். ரூமுக்கு வந்து ஜூம் பண்ணிப் பார்த்தால், ஜெயித்த சாஃப்ட்வேர் நீளநீளமாக அடி எடுத்து வைத்திருக்கிறது. ஸ்விட்ச் மாறும் இடத்தில் இருக்க வேண்டிய கூரான ஸ்பைக்கை அது தாண்டிக் குதித்தே போய்விட்டது. மாஸ்ஃபெட்டுக்கு எத்தனை வோல்ட் ரேட்டிங் வேண்டும் என்பதை அந்த ஸ்பைக்தான் முடிவு பண்ணும். நான் பரிசு கொடுத்தது வேகமா ஓடினவனுக்கு இல்லை, பாதி வழியில் குறுக்கே பூந்து வந்தவனுக்கு.

அதனால் என் கருத்தை இப்பவே சொல்லிடறேன். எவ்வளவு பிழையோடு ஓடியது என்று சொல்லாமல் ஒரு சிமுலேட்டர் இத்தனை நொடியில் முடித்தது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. நம்ம லேப் ரெக்கார்டும் வைவாவும் இந்த அர்த்தமில்லாத பழக்கத்தைத்தான் நமக்குக் கற்றுக்கொடுக்கின்றன.

உள்ளே என்ன நடக்குது என்று கொஞ்சம் பார்க்கலாம். நாம் இன்று பயன்படுத்தும் பெரும்பாலான அனலாக் சிமுலேட்டர்களின் வேர், பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் எழுதி 1973-இல் வெளிவந்த ஸ்பைஸ். (அதற்கு முன்னோடியான ப்ரோக்ராமுக்கு கேன்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரெஸ்யூமேயில் போட்டுப் பாருங்க.) ட்ரான்சியன்ட் அனாலிசிஸில் அது நேரத்தைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாக வெட்டுகிறது. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் டையோடு, டிரான்சிஸ்டர் எல்லாவற்றுக்கும் நியூட்டன்-ராப்சன் முறையில் திரும்பத் திரும்ப மேட்ரிக்ஸ் போட்டு, விடை ஓரளவு நிலைக்கும் வரை சுற்றுகிறது. அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதைச் சொல்வதுதான் ரெல்டால். பெர்க்லி ஸ்பைஸில் அதன் டிஃபால்ட் மதிப்பு 0.001. ஸ்டெப்பை எவ்வளவு நீட்டலாம் என்பதில் டிஆர்டால் என்ற இன்னொரு எண்ணுக்கும் பங்கு உண்டு. அது பெர்க்லி வழியில் 7, எல்டிஸ்பைஸில் 1. அதாவது டிஃபால்ட்டிலேயே இரண்டும் வேற வேற கண்டிப்போடு கணக்கு போடுகின்றன. அப்படியே ரன் அழுத்தி ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, ஒருத்தனை நூறு மீட்டரும் இன்னொருத்தனை நூற்றைம்பது மீட்டரும் ஓடவிட்டு நேரம் எடுக்கிற மாதிரி.

சரி, பிழையை எப்படி அளப்பது? விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சர்க்யூட் வேண்டும். எனக்குப் பிடித்தது எல்.சி. டாங்க். 1 மில்லிஹென்றி இண்டக்டர், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கெப்பாசிட்டரில் ஆரம்பத்தில் 1 வோல்ட். ரெசிஸ்டரே கிடையாது. கணக்குப்படி அது 5033 ஹெர்ட்ஸில், 1 வோல்ட் உயரத்திலேயே, காலாகாலத்துக்கும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். 100 மில்லிசெகண்ட் ஓடவிட்டால் சுமார் 500 சுற்று.

இப்போ ஒரு சுற்றுக்கு 50 புள்ளி, அதாவது சுமார் 4 மைக்ரோசெகண்ட் ஸ்டெப், என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்வர்ட் ஆய்லர் முறையில் போட்டால் ஒரே சுற்றில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. இரண்டாம் வரிசை கியர் முறை பரவாயில்லை, ஆனால் 500 சுற்று முடியும்போது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரெசிஸ்டரே இல்லாத சர்க்யூட்டில் எனர்ஜியைத் தின்றது யார்? கணக்கு போடும் முறைதான். ட்ரெபிசாய்டல் முறையில் உயரம் ஒரு துளியும் குறையாது. ஆஹா, இதுதான் சரியான முறை என்று குதிக்காதீர்கள், நானும் குதித்தேன். அங்கே பிழை அதிர்வெண்ணில் ஒளிந்திருக்கிறது. அது 0.13 சதவீதம் மெதுவாக ஆடும். 500 சுற்றில் அது சேர்ந்து சேர்ந்து அரைச் சுற்றுக்கும் மேலே பின்தங்கிவிடும். உண்மையான அலை மேலே இருக்கும்போது உங்கள் திரையில் அது கீழே இருக்கும். பார்க்க அழகான சைன் வேவ்தான்! ஸ்டெப்பைப் பாதியாக்கினால் இந்த அதிர்வெண் பிழை கால்வாசி ஆகும், ஓடும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வேகத்துக்கும் துல்லியத்துக்கும் நடுவில் நடக்கிற பேரம் இதுதான்.

இந்தச் சோதனையில் நான் மாட்டிக்கொண்ட ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். எல்டிஸ்பைஸில் ட்ரெபிசாய்டலிலும் உயரம் குறைவதைப் பார்த்து, கண்டுபிடிச்சிட்டேன்டா என்று நண்பர்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டேன். கடைசியில் பார்த்தால், நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது இண்டக்டருக்குள் 1 மில்லி ஓம் சீரிஸ் ரெசிஸ்டன்ஸை வைத்துக்கொள்ளும் என்று ஹெல்ப் ஃபைலிலேயே எழுதியிருக்கிறது. அந்த 1 மில்லி ஓம் மட்டுமே 100 மில்லிசெகண்டில் சுமார் 5 சதவீதத்தைக் குறைத்துவிடும். பிழை சாஃப்ட்வேரில் இல்லை, ஹெல்ப் ஃபைலைப் படிக்காத என்னிடம். மெசேஜை டிலீட் ஃபார் எவ்ரிஒன் பண்ண நேரம் தாண்டிவிட்டது.

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு என்று நினைத்தால், என் பெஞ்ச்மேட்டின் கதையைக் கேளுங்க. பிராக்டிகலில் அவனுக்கு வந்தது வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர். 10 கிலோ ஓம், 10 நானோஃபாரட், எதிர்பார்க்கும் அதிர்வெண் 1.59 கிலோஹெர்ட்ஸ். கெயினை 3-க்குக் கொஞ்சம் மேலே வைத்து சரியாகவே டிசைன் பண்ணியிருந்தான். ரன் கொடுத்தால் திரையில் நேர்கோடு. பூஜ்யத்திலேயே நிற்கிறது. எக்ஸ்டர்னல் வந்து பார்த்தார், "சர்க்யூட் தப்பு" என்றார், போய்விட்டார். சிமுலேஷனுக்கான மார்க் மொத்தமும் போச்சு. பிரெட்போர்டில் அதே சர்க்யூட் ஆஸிலோஸ்கோப்பில் ஜம்மென்று ஆடியது, அதை யாரும் பார்க்க வரவில்லை.

நடந்தது என்னவென்றால், நிஜ ஆப்-ஆம்பில் ஆஃப்செட் இருக்கும், ரெசிஸ்டரில் வெப்ப இரைச்சல் இருக்கும், சப்ளையைப் போடும்போது ஒரு உதறல் இருக்கும். அதில் ஏதாவது ஒன்று விதையாகி அலை வளரும். ஐடியல் மாடல் வைத்த சாதாரண ட்ரான்சியன்ட் அனாலிசிஸில் இது எதுவுமே கிடையாது. எல்லாம் பூஜ்யம் என்பதும் அந்தச் சமன்பாடுகளுக்கு ஒரு சரியான விடைதான். சிமுலேட்டர் அதையே சொல்லியது. பக்கத்து மேசையில் வேறு செட்டிங்கில் ஓடிய அதே சர்க்யூட் ஆடியது. ரவுண்டிங் பிழை விதையாகியிருக்கலாம் என்பது என் ஊகம். அதாவது பிழையோடு ஓடினவனுக்கு ஃபுல் மார்க், பிழையில்லாமல் ஓடினவனுக்குச் சைபர்! ஒரு கெப்பாசிட்டருக்கு ஆரம்ப மதிப்பாக 10 மில்லிவோல்ட் கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சிலபஸில் அதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

இங்கே சிலர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். நம்ம ரெசிஸ்டரே 5 சதவீதம் டாலரன்ஸ், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 20 சதவீதம், பிசி547-இன் கெயின் டேட்டாஷீட்டிலேயே 110-இல் இருந்து 800 வரை போகுது. மாடல் ஃபைலில் அதற்கு ஒரே ஒரு எண். லேப் வெயிலில் 35 டிகிரி கொதிக்கும்போது சிமுலேட்டர் 27 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த 8 டிகிரிக்கே டையோடு வோல்டேஜ் 16 மில்லிவோல்ட் போல இறங்கிவிடும். இதில் 0.1 சதவீதப் பிழைக்கு எதுக்குடா இவ்வளவு பில்டப்?

பாதி ஒத்துக்கிறேன். மாடல் பிழை வேறு, கணக்குப் பிழை வேறு; பல சமயம் மாடல் பிழைதான் பெரிசு. பிசி547 பயாஸ் பாயின்ட் பார்ப்பவன் ரெல்டாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த 0.001 ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் உரியது, கடைசி விடைக்கான உத்தரவாதம் இல்லை என்பதை எல்.சி. டாங்க்கிலேயே பார்த்தோம். ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் 0.001 சதவீத டிஸ்டார்ஷன் வருது என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். அது மைனஸ் 100 டெசிபல். டிஃபால்ட் டாலரன்ஸில், எல்டிஸ்பைஸ் வேவ்ஃபார்மைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியை அணைக்காமல் எஃப்.எஃப்.டி. எடுத்தால், நீங்கள் அளப்பது ஆம்ப்ளிஃபயரை இல்லை, சாஃப்ட்வேரின் தூசியை.

வேகமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. டாலரன்ஸை மாற்றி மாற்றி மான்டே கார்லோ ஆயிரம் தடவை ஓட்ட வேண்டுமென்றால், 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் வேகம்தான் எல்லாம். சிப் கம்பெனிகளிலும் ஃபாஸ்ட்ஸ்பைஸ் என்று தனி வகையே வைத்துக்கொண்டு, தெரிந்தே துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். "தெரிந்தே" என்பதுதான் வித்தியாசம். நாம் தெரியாமல் விட்டுக்கொடுக்கிறோம்.

ஆகவே டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ரெக்கார்டில் வேவ்ஃபார்ம் ஒட்டும் பக்கத்தில் இரண்டு வரி கூடுதலாகக் கேளுங்கள்: என்ன மேக்ஸிமம் ஸ்டெப், என்ன ரெல்டால், ஸ்டெப்பைப் பாதியாக்கினால் விடை எவ்வளவு நகர்ந்தது. வேவ்ஃபார்ம் அழகுக்குக் கொடுக்கும் மார்க்கில் இரண்டை எடுத்து இதுக்குக் கொடுங்கள். சீனியர் ரெக்கார்டிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டும் கலாச்சாரமும் இதில் கொஞ்சம் அடிவாங்கும் (இதற்காக என்னைத் திட்டப்போகும் ஜூனியர்கள் மன்னிக்கவும்).

என் போஸ்டர் இன்னும் செகண்ட் ஃப்ளோர் காரிடாரில்தான் தொங்குகிறது. போன வாரம் பென்சில் எடுத்துப் போய் ஒவ்வொரு பாருக்கும் கீழே ஸ்டெப், ரெல்டால், ஸ்பைக் உயரம் மூன்றையும் எழுதினேன். முதல் இரண்டுக்கு எழுதிட்டேன். ஜெயித்த மூன்றாவதுக்கு எழுத முடியவில்லை. லேப்டாப்பில் இடம் பத்தவில்லை என்று பரிசு வாங்கிய மறுநாளே அந்த ஃபைலை அழிச்சிட்டேன்.