இதயம் பெருசு... பிரேக் சிறுசு!

ஒரே ஒரு சிலிண்டர், 930 சிசி. மாருதி 800 காரின் மொத்த இன்ஜினையும்விடப் பெரிசு! அப்படி எட்டு சிலிண்டர்கள் சேர்ந்தால்? அதுதான் செவர்லே 454. கன அங்குலத்தில் 454, லிட்டர் கணக்கில் 7.4. அமெரிக்காவில் இதை ‘பிக் பிளாக்’ என்பார்கள்.

தாத்தா பண்ணையில் வைக்கோல் ஏற்றிய பழைய பிக்கப் வண்டி. அதன் சாதுவான ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, இந்த அரக்கனை உள்ளே இறக்குவது அங்கே பலருக்குத் தீராத ஆசை. வீட்டு ஷெட், செயின் பிளாக், ஒரு நண்பர், சில விடுமுறை நாட்கள். இவை போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

முள்ளம்பன்றியின் கதை

செவர்லேயின் பிரபலமான ‘ஸ்மால் பிளாக்’ வி8 இன்ஜின் 1955இல் வந்தது. பத்து வருடம் கழித்து, 1965இல் 396 கன அங்குல பிக் பிளாக் சாலைக்கு வந்தது. 1970இல் அது 454 ஆக வளர்ந்தது. இதன் ஹெட்டைத் திறந்தால் வால்வுகள் வரிசையாக நிற்காது; ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதனால் இதற்கு ‘முள்ளம்பன்றி’ என்று பட்டப்பெயர். அந்தச் சாய்வு வெறும் அழகுக்காக அல்ல. காற்றும் பெட்ரோலும் தடையில்லாமல் உள்ளே பாயப் பெரிய வால்வுகளை வைக்க அதுதான் வழி செய்கிறது.

1973 எண்ணெய் நெருக்கடியும் புகைக் கட்டுப்பாடும் வந்தபின் கார்களில் இந்த இன்ஜினுக்கு மவுசு குறைந்தது. ஆனால் கனரக பிக்கப்களிலும், வீடு போல வசதி செய்த மோட்டார் ஹோம்களிலும் 1990கள் வரை ஓடியது. ஆகவே பழைய இரும்புக் கடைகளில் தேடினால் இன்றும் கிடைக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் கியர் பாக்ஸைப் பிணைக்கும் போல்ட் ஓட்டைகள் ஒரே மாதிரி. ‘அப்புறமென்ன, இதைக் கழற்றி அதை மாட்டினால் முடிந்தது’ என்று தோன்றும். பொறி இருப்பது அங்கேதான்!

மாட்டிய பிறகு ஆரம்பிக்கும் செலவு

ஸ்மால் பிளாக்கைவிட பிக் பிளாக் சுமார் 50 கிலோ கூடுதல் எடை. வண்டியின் மூக்கு தாழ்ந்து போகும். முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். பழைய ரேடியேட்டர் இந்தச் சூட்டைத் தாங்காது. அதையும் மாற்ற வேண்டும். மூன்று கியர் பெட்டி, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில் எல்லாமே அந்தச் சின்ன இன்ஜினுக்காகச் செய்தவை. 1960களின் கடைசியில் வந்த சி10 பிக்கப்பில் இருந்த ஆறு சிலிண்டர் இன்ஜினின் சக்தி 155 குதிரைத்திறன்தான். ஒழுங்காகக் கட்டிய 454இல் 400 எடுப்பது பெரிய வித்தை இல்லை. மிதித்த முதல் மிதியிலேயே ஏதாவது ஒன்று முறியும்.

முறிந்தால்கூடப் பரவாயில்லை, வண்டி நின்றுவிடும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போனால்?

செவர்லே பிக்கப்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வழக்கமானது 1971இல்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம். 1966 வரை வந்தவற்றில் பிரேக் ஆயிலுக்கு ஒரே தடம். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. சூடேறிய டிரம்மில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1967 முதல் 1972 வரை வந்த சி10 வண்டியில் பெட்ரோல் டேங்க் எங்கே தெரியுமா? கேபினுக்குள், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்! வைக்கோல் ஏற்றி மெதுவாகப் போனபோது அது யாரையும் உறுத்தவில்லை. 400 குதிரைகளைப் பூட்டியபின் அப்படி இருக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் டேங்க்கைப் பின்பக்கத் தளத்துக்கு அடியில் மாற்றிவிடுகிறார்கள்.

அந்த இருபது நிமிடங்கள்

இரும்புக் கடையில் வாங்கிய இன்ஜினை அப்படியே மாட்டுபவர் குறைவு. லேத் பட்டறையில் கொடுத்து போர் தேய்மானம் பார்த்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் பேரிங் இடைவெளியை அளந்து கட்டுவார்கள். 1960களின் ஹெட் என்றால் வால்வு சீட்டையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம்தான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. 1996இல் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலுக்கு அமெரிக்கா முழுத் தடை போட்டது. அதனால் கடினமான புது சீட் பதிப்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் கைதேர்ந்தவர்களுக்கும் நெஞ்சு படபடக்கும் கட்டம் ஒன்று உண்டு. அது முதல் ஸ்டார்ட். பழைய வகை கேம் ஷாஃப்ட்டும் டேப்பட்டும் முதல் 20 நிமிடத்தில்தான் ஒன்றோடொன்று உரசிப் பழகும். அதனால் முதலில் டிஸ்ட்ரிப்யூட்டர் ஓட்டை வழியாக டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, எல்லா இடத்துக்கும் ஆயில் ஏற்றுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவே கூடாது. ஆர்.பி.எம். 2,000க்குப் பக்கத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். கேமுக்கு ஆயில் கிடைப்பது, சுழலும் கிராங்க் தெறிப்பதில்தான். மெதுவாகச் சுற்றினால் தெறிப்பு போதாது. ஆயிலும் துத்தநாகச் சத்து அதிகமுள்ளதாக இருக்க வேண்டும். இன்றைய கார் ஆயில்களில் அது குறைவு.

ஓட்டி முடித்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்துப் பார்ப்பார்கள். உள்ளே தங்கத் தூள் போல் ஏதாவது மின்னினால், மாதக்கணக்கான உழைப்பும் காசும் அதோடு போச்சு. ஒன்றும் மின்னவில்லை என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் விருந்து!

வீட்டில் கேட்கும் கேள்வி

‘இவ்வளவு செலவு பண்ணி, லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர்தானா?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதே செவர்லேயின் புதுத் தலைமுறை ‘எல்எஸ்’ இன்ஜின் எடையும் குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். கணக்குப் பார்ப்பவர்கள் அதையே போடுகிறார்கள். பிக் பிளாக் போடுபவர் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை. அந்த உறுமலுக்காகப் போடுகிறார்.

போடட்டும், தப்பில்லை. ஆனால் அனுபவசாலிகள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் பிரேக், அடுத்து டேங்க், பிறகு ஸ்பிரிங்கும் ரேடியேட்டரும், அதன்பின் கியர் பாக்ஸும் ஆக்ஸிலும். இன்ஜின் கடைசி. இந்த வரிசையில் போனால் பாதியில் பணம் தீர்ந்தாலும், கையில் இருப்பது பத்திரமாக நிற்கும் வண்டி. தலைகீழாகப் போனால், சீறிப் பாயத் தெரிந்த, நிற்கத் தெரியாத வண்டி.

கழற்றிய பழைய இன்ஜினையும் எடைக்குப் போட வேண்டாம். எண்ணெய் தடவி, துணி சுற்றி, ஷெட் மூலையில் வைத்துவிடலாம். ‘தாத்தா ஓட்டிய மாதிரியே எனக்கு வேணும்’ என்று ஒரு பேரனோ பேத்தியோ நாளைக்கு வந்து கேட்கலாம்.