பொருத்தம் பார்த்து வாங்குங்கள்

"விரலுக்குத் தக்க வீக்கம்" என்பது நம் முன்னோர் சொல். கணினியைப் பாகம் பாகமாக வாங்கி, வீட்டிலே தாமே பூட்டிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு இச்சொல் இருவகையிற் பொருந்தும். கைப்பணத்தை மிஞ்சிய பாகத்தை வாங்கலாகாது என்பது ஒன்று. ஒரு பாகத்தை மிஞ்சிய மற்றொரு பாகத்தை வாங்கலாகாது என்பது மற்றொன்று. முன்னதைப் பெற்றார் நினைவூட்டுவர். பின்னதை நினைவூட்டுவார் அரியர். ஆதலால் இவ்வாரம் அவ்விஷயத்தைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

கணினி விளையாட்டில் நாட்டங்கொண்ட பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கின்றனர். கடையிற் பூட்டிவைத்த விளையாட்டுக் கணினியின் விலையைக் கேட்டுத் திகைத்த பின், "பாகங்களை வாங்கித் தாருங்கள் அப்பா, நானே பூட்டிக்கொள்கிறேன்" என்று பிள்ளை கேட்குமாயின் அது நியாயமான வேண்டுகோளேயாகும். அதே யந்திரம் பாடங்களுக்கும் உதவும். பூட்டும்போது பெறும் அறிவும் சிறிதன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை. பாகங்களுக்குக் கொடுக்கப்படும் உத்தரவாதம் பழுதுக்கு உரியதேயன்றிப் பொருத்தமின்மைக்கு உரியதன்று. உறை பிரித்த பாகத்தை, "இது எங்கள் பலகையிற் பொருந்தவில்லை" என்று கொண்டுசென்றால், கடைக்காரர் திருப்பி ஏற்பது அரிது. பல மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அலுமாரி மூலையில் முடங்கிவிடும்.

வெவ்வேறு நிறுவனத்தார் செய்த பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்து இயங்குவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1981-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியிலே பிறர் செய்த அட்டைகளையும் செருகுவதற்கு இடம் விடப்பட்டிருந்தது; அதன் அமைப்பு விவரங்களும் வெளியிடப்பட்டன. 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத் திட்டத்தை வகுத்தது. ஆகவே திருகாணித் துளைகளும் மின் இணைப்புகளும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதவை சில உள. அவற்றைக் கண்டறிய ஒரு வழி யாதெனில், பாகங்களைத் தனித்தனியே தெரிவு செய்யாது சோடி சோடியாகத் தெரிவு செய்தலாகும். கல்யாணத்துக்குக் குறிப்புப் பார்ப்பவர் ஒருவரின் குறிப்பை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லையன்றோ?

முதற் சோடி: திரையும் கிராபிக்ஸ் கார்டும்

பலரும் புரொசெஸரிலிருந்து தொடங்குவர். திரையிலிருந்து தொடங்குவதே சிக்கனமானது. வீட்டிலிருக்கும் திரை 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்டதாயின், அதற்குமேற் பெரிய படத்தைத் தீட்டவல்ல விலையுயர்ந்த கார்டினாற் பெரும்பயன் இல்லை. அவ்வகைத் திரைக்கு, 2021-ல் வெளிவந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 கிகாபைற் நினைவகமுள்ள கார்ட் போதுமானது. மொத்தப் பணத்தைப் பத்துப் பங்காக்கினால் மூன்று அல்லது நான்கு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குச் செல்லலாம். விளையாட்டுக் கணினியின் பிரதான உழைப்பாளி அதுவே.

இரண்டாம் சோடி: புரொசெஸரும் தாய்ப்பலகையும்

மதர்போர்ட் எனப்படும் தாய்ப்பலகையில் புரொசெஸர் அமரும் இடத்துக்குச் சொக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 சொக்கெட்டுக்குரிய புரொசெஸர், 2022-ல் வந்த ஏ.எம். 5 சொக்கெட்டில் அமராது. இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14-ம் தலைமுறைப் புரொசெஸர்கள் எல்.ஜி.ஏ. 1700 சொக்கெட்டுக்குரியவை, 10, 11-ம் தலைமுறையினவோ எல்.ஜி.ஏ. 1200-க்குரியவை. பெயர் ஒத்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. சொக்கெட்டின் பெயரே சாட்சி.

சொக்கெட் ஒத்திருந்தும் கணினி கண்விழிக்காதிருப்பதுண்டு. உதாரணமாக, பி. 450 வகைப் பலகை 2018-ல் வந்தது. ரைஸன் 5 5600 புரொசெஸர் 2022-ல் வந்தது. பழைய இருப்பிலிருந்த பலகைக்குத் தனக்குப் பின் பிறந்த புரொசெஸரைத் தெரியாது. பலகையிலுள்ள பயோஸ் என்னும் அடிப்படைக் கட்டளைத் தொகுதியைப் புதுப்பித்தால் மட்டுமே அது அறிந்துகொள்ளும். எனவே, "இப்புரொசெஸருக்கேற்ற பயோஸ் இதில் உள்ளதா?" என்று கடையிலேயே கேட்டு, இல்லையெனில் அங்கேயே புதுப்பித்துத் தரச் செய்க.

மூன்றாம் சோடி: தாய்ப்பலகையும் நினைவகமும்

டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் இருவகை நினைவகங்களுக்கும் தொடுமுனைகள் 288-தான். ஆயினும் நடுவேயுள்ள வெட்டு வெவ்வேறிடத்தில் அமைந்திருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது. ஏ.எம். 4 பலகைகளுக்கு டி.டி.ஆர். 4, ஏ.எம். 5 பலகைகளுக்கு டி.டி.ஆர். 5. எல்.ஜி.ஏ. 1700 பலகைகளிலோ இரண்டு வகையும் உண்டு. ஆகையாற் பலகையின் முழுப்பெயரையும் படித்தல் வேண்டும்.

16 கிகாபைற் வேண்டுமெனில், ஒரே துண்டாக வாங்காது 8 கிகாபைற் துண்டுகள் இரண்டாக வாங்குக. இரண்டு துண்டுகளைப் பலகையின் கைந்நூல் காட்டும் இடங்களிற் செருகினால், தரவுகள் இரு வழியாக ஓடும். தனிக் கார்ட் இன்றிப் புரொசெஸருக்குள்ளேயே படம் தீட்டும் பகுதி அமைந்த கணினிகளில் இதன் பயன் கண்கூடு.

நான்காம் சோடி: கிராபிக்ஸ் கார்டும் புரொசெஸரும்

இங்கேதான் நுட்பமான தவறு நேர்வது. பணம் போதாத குடும்பத்தார் 2021-ல் வந்த ரைஸன் 5 5600ஜி போன்ற, படம் தீட்டும் பகுதியுள்ள புரொசெஸருடன் தொடங்கி, அடுத்த ஆண்டில் ஒரு கார்ட் சேர்க்கலாம் என எண்ணுவர். நல்ல எண்ணமே. ஆனால் அப்புரொசெஸர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் பாதையின் மூன்றாம் தலைமுறை வேகத்தையே தரும். பலகை எத்துணைப் புதிதாயினும் அது மாறாது. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் மலிவான கார்டோ நான்கே தடங்களுடன் நான்காம் தலைமுறை வேகத்தை நம்பிச் செய்யப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்தால் செருகிடத்திற் பொருந்தும், வேலையிற் பின்தங்கும். எட்டுத் தடங்களுள்ள 6600-ஐ அவ்விடத்திற் பூட்டினால் குறை மிகச் சிறிதே.

இன்னொன்றையும் மறவாதீர்கள். வெறும் ரைஸன் 5 5600-லும், பெயரின் இறுதியில் "எஃப்" எழுத்துள்ள இன்டெல் புரொசெஸர்களிலும் படம் தீட்டும் பகுதி இல்லை. கார்ட் இல்லாவிடில் திரை இருண்டே கிடக்கும்.

ஐந்தாம் சோடி: மின்வழங்கியும் மற்றெல்லாமும்

பணம் குறையும்போது முதலிற் பலியாவது மின்வழங்கி. கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருப்பதால் அதை மலிவாக வாங்கிவிடுகின்றனர். அது கெடும்போது தான் மட்டும் கெடாது, சில வேளைகளில் மற்றைப் பாகங்களையும் கெடுத்துவிடும். கணக்கு எளிது: 6600 கார்டுக்கு 132 வாற்று, 5600 புரொசெஸருக்கு 65 வாற்று, ஏனையவற்றுக்கு ஏறக்குறைய 50 வாற்று. கூட்டினால் 250 வாற்றுக்குச் சற்றுக் குறைவு. நம்பத்தக்க நிறுவனத்தின் 500 அல்லது 550 வாற்று வழங்கி தாராளமாகப் போதும். பெட்டியின்மேல் 800 என்று அச்சிட்ட பெயரறியா வழங்கியை நம்பலாகாது. அதன் பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ற்று வரிசைக்கு எத்தனை வாற்று எனப் பாருங்கள். "80 பிளஸ்" முத்திரை, மின்சாரம் வீணாகாமையைக் குறிப்பது. பாதுகாப்புக்கு அதுமட்டும் சான்றன்று.

சில வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிறிய ஆளி இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஆளி 115-ல் நிற்கும்போது மின்சாரம் செலுத்தினால் வழங்கி வெடித்துக் கெடக்கூடும். மேலும் கழற்றிப் பூட்டும் வயர்களையுடைய வழங்கியாயின், ஒன்றின் வயரை மற்றொன்றிற் செருகாதீர்கள். முனை ஒத்திருந்தும் உள்ளோட்டம் மாறியிருக்கலாம்.

பழைய அலுவலகக் கணினிகள்

அலுவலகங்களிற் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட கணினியை மலிவாக வாங்கி அதில் ஒரு கார்டைச் செருகுவதும் ஒரு வழியே. ஆனால் அவற்றுட் பலவற்றில் மின்வழங்கியும் பலகையும் அந்நிறுவனத்துக்கே உரிய அமைப்புடையவை. பின்னர் மாற்ற வழியிராது. செருகிடம் தரவல்ல மின்வலு 75 வாற்றுக்கு மேற்படாது. ஆதலால், தனி மின்வயர் வேண்டாத கார்டே அதற்கு ஏற்றது. பெட்டி ஒடுக்கமாயின் அரை உயரக் கார்டாகவும் இருத்தல் வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முற்பட்ட புரொசெஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. சில விளையாட்டுகளும் விண்டோஸ் 11-ல் இயங்கும்போது ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டுகின்றன. அற்ப விலைக்குக் கிடைக்கும் நான்காம் தலைமுறை யந்திரத்தை வாங்குமுன் இவற்றைச் சிந்திக்க.

கடைக்குச் செல்லுமுன்

பம்பலப்பிட்டியின் கணினிக் கடைகளுக்குச் சென்றாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குச் சென்றாலும் சரி, ஒரு தாளிற் பின்வருவனவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். சொக்கெட் ஒன்றா? பயோஸ் ஏற்றதா? நினைவகம் பலகைக்குரிய வகையா? கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா? கார்ட் வேண்டும் மின்வயர் வழங்கியில் உண்டா? பலகையின் பரப்பைப் பெட்டி ஏற்குமா? ஆறுக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்த பின்னரே பணத்தை எண்ணுங்கள். பற்றுச்சீட்டிலே ஒவ்வொரு பாகத்தின் முழுப்பெயரையும் எழுதி வாங்குதல் நன்று. கடையில் எடுத்துக் கொடுக்கும்போது ஓரெழுத்து மாறினும் வீட்டுக்கு வரும் பாகம் வேறாகிவிடும்.

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. இத்தாளைப் பிள்ளையே எழுதட்டும். நீங்கள் கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு சோடிக்கும் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் பணத்தை நம்பிக் கொடுக்கலாம். சொல்லத் தெரியாவிடில் இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கச் செய்யுங்கள். அந்த ஒரு மாதத்திற் சேரும் பணமும் அறிவும் வீண்போகா.