கேட்பதும் மருத்துவமே

மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் மருத்துவர்களும் செவிலியர்களும் சுகாதாரத்துறை அலுவலர்களும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில், மகப்பேற்றின்போது மகளை இழந்த தாய் ஒருவர் பேசத் தொடங்குகிறார். வலி கண்ட நேரம், ஊர்தி வந்த நேரம், முதல் மருத்துவமனையில் காத்திருந்த நேரம், அங்கிருந்து வேறிடத்திற்கு அனுப்பப்பட்ட நேரம் என ஒவ்வொன்றாகச் சொல்கிறார். படித்தவர் நிறைந்த அவையில் எழுத்தறியாத ஒருவரின் சொல் சான்றாகப் பதிவாகிறது.

இது நீதிமன்ற விசாரணை அன்று. தாய் இறப்பு ஆய்வுக் கூட்டம். கருவுற்ற காலத்திலோ, மகப்பேறு முடிந்த 42 நாள்களுக்குள்ளோ, அதன் தொடர்பான காரணங்களால் ஒரு பெண் இறந்தால், அந்த இறப்பை ஆராயும் முறை இது. தமிழ்நாடு 1994ஆம் ஆண்டிலேயே இம்முயற்சியைத் தொடங்கியது. 2010இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் வகுத்த வழிகாட்டு நெறிகள், ஆட்சியர் தலைமையிலான ஆய்வில் இறந்தவரின் உறவினரையும் அழைத்துக் கேட்க வழிசெய்தன.

முழு வழியையும் கண்டவர்

குடும்பத்தினரை ஏன் கேட்க வேண்டும்? மருத்துவக் குறிப்பேட்டில் எல்லாம் எழுதப்பட்டிருக்குமே என்று தோன்றலாம். குறிப்பேடு மருத்துவமனை வாயிலில் தொடங்குகிறது. நோயாளியின் துன்பமோ வீட்டில் தொடங்குகிறது. தாய் இறப்புகளுக்கு மூவகைத் தாமதங்கள் காரணமாகின்றன என்பர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என முடிவெடுப்பதில் நேரும் தாமதம் முதலாவது. அங்குச் சென்று சேர்வதில் நேரும் தாமதம் இரண்டாவது. சென்றபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் நேரும் தாமதம் மூன்றாவது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு பகுதியை அறிவார். ஊர்தி ஓட்டுநர் ஒரு பகுதியை அறிவார். மருத்துவர் மற்றொரு பகுதியை அறிவார். மூன்றையும் ஒருசேரக் கண்டவர், நோயாளியுடன் வந்த உறவினர் மட்டுமே.

உதிரப்போக்கினால் இறப்பு என்று குறிப்பேடு கூறும். அந்த உதிரப்போக்கை எவரும் கவனிக்காத நேரம் எவ்வளவு, குருதி தேடி எங்கெல்லாம் அலைந்தனர் என்பவற்றை உறவினரே கூற இயலும். முன்னது நோயின் பெயர். பின்னது சேவையின் குறை. குறை தெரிந்தால்தான் அதைக் களைய முடியும்.

மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, 2001-03 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20இல் அவ்வெண்ணிக்கை 54 ஆகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்கள் பணியில் இருந்ததும், 108 அவசர ஊர்தியும், அவசர மகப்பேற்று மையங்களும் இதற்குத் துணைநின்றன. ஆய்வுக் கூட்டங்கள் மட்டுமே இந்த வெற்றியைத் தந்தன எனக் கூறுவது பொருந்தாது. ஆயினும், எவ்விடத்தில் எது குறைகிறது என்று அறியாமல் எதையும் சரியான இடத்தில் அமைக்க இயலாது.

இரு தயக்கங்கள்

நோயாளியையும் குடும்பத்தினரையும் சேவையைச் சீர்படுத்தும் பணியில் பங்கேற்கச் செய்வதில் இரு தயக்கங்கள் எழுகின்றன. மருத்துவம் அறியாதவர் மருத்துவத்தைப் பற்றி என்ன கூற முடியும் என்பது ஒன்று. எந்த மருந்தை எவ்வளவு தருவது என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருந்துச் சீட்டில் எழுதியது புரிந்ததா, வீட்டிற்குச் சென்றபின் எந்த அறிகுறிக்கு அஞ்ச வேண்டும் என்பது சொல்லப்பட்டதா என்பவற்றை நோயாளியே அறிவார்.

குறைகூறலும் பழிசுமத்தலும் பெருகும் என்பது மற்றொரு தயக்கம். ஒரு செவிலியர் ஒரே இரவில் பலரைக் கவனிக்க வேண்டியுள்ள கூடத்தில் இவ்வச்சம் இயல்பானதே. எனவேதான் கேட்பதன் நோக்கம் தண்டித்தல் அன்று, திருத்துதல் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கவனிப்பு தாமதமானது என்று உறவினர் கூறும்போது, அங்குப் பணியாளர் போதவில்லை என்ற உண்மையும் வெளிப்படுகிறது. அவ்வாறு பார்த்தால், நோயாளியின் குரல் செவிலியருக்கும் துணையாகிறது.

இழப்புக்கு முன்பே

எனினும், இறப்புக்குப் பின் கேட்கும் சொல் அடுத்தவரைக் காக்குமேயன்றி இறந்தவரை மீட்காது. அச்சொல்லைப் படுக்கையருகிலேயே கேட்டிருந்தால் என்ன என்ற வினா அக்கூட்ட அரங்கில் பேசப்படாமலேயே நிற்கிறது. இதற்கு விடைதேடும் முயற்சிகளும் உள்ளன. மகப்பேற்றின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்கும் முறையைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2004இல் ஏற்றன. அவ்வாறு உடனிருப்பவர் ஆறுதல் அளிப்பவராக மட்டுமின்றி, மாற்றத்தை முதலில் காண்பவராகவும் இருக்கிறார். இங்கிலாந்தில் 2021இல் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவமனையில் இறந்தாள். அவள் நிலை மோசமடைவது குறித்துப் பெற்றோர் எழுப்பிய கவலை உரியவாறு மதிக்கப்படவில்லை. அவள் பெயரால் 2024இல் ஒரு விதி நடைமுறைக்கு வரத்தொடங்கியது. நோயாளியின் நிலை குறித்துக் கவலை கொள்ளும் குடும்பத்தினர், வேறொரு மருத்துவக் குழு உடனடியாக வந்து பார்க்க வேண்டும் எனக் கோர அவ்விதி வழிசெய்கிறது.

நம் மருத்துவமனைகளில், கேள்வி கேட்டால் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று அஞ்சி வாய்மூடி நிற்கும் உறவினர் பலர். அவ்வச்சத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவமனையினுடையது. எந்தெந்த அறிகுறி தோன்றினால் உடனே அழைக்க வேண்டும் என்பதை உடனிருப்பவருக்கு எளிய தமிழில் எடுத்துரைக்க வேண்டும். அழைத்தால் வருபவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளர் நலச்சங்கங்களில் சிகிச்சை பெற்று மீண்டவர்களுக்கும் இடமளிக்க வேண்டும். அவர்கள் சொன்னதால் எது மாறியது என்பதை மக்கள் அறிய வெளியிட வேண்டும். சொல்லுக்குப் பயன் இருப்பதைக் கண்டால்தான் மக்கள் மீண்டும் சொல்வர்.

இது சலுகை அன்று. தம் உடல்நலச் சேவைகளைத் திட்டமிடுவதிலும் செயற்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா-அட்டா அறிக்கை உரைத்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வள்ளுவர், 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் கூறுகளாக நான்கினை வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் அவ்வரிசையில் நோயாளியே முதலில் நிற்கிறார்; பேணுபவரும் விடுபடவில்லை. அந்நால்வகையில் இருவரின் குரலைக் கேளாத மருத்துவம் பாதி மருத்துவமே. மகளை இழந்த தாய்க்கு ஆட்சியர் அரங்கில் கிடைக்கும் செவி, மகள் உயிரோடிருந்த இரவிலேயே கிடைத்தாக வேண்டும்.