கைக்குழந்தையோடு கப்பலேறுவோர்க்கு

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியதிலிருந்து, மயிலாடுதுறைக்காரர்களுக்கும் கடல் பயணம் ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பால்கனி அறைக்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன். எதிலும் ஏறிப் பார்க்கும் வயது அது; கம்பியருகே காவல் நிற்பதிலேயே தாயின் பயணம் கழிந்துவிடும். கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். ஏற்றமரத்தின் நடுப்பகுதி அதிகம் அசையாததுபோல, அங்கே அலையாட்டமும் குறைவு. ஜன்னலில்லாத உள்ளறைக்குக் கட்டணம் குறைவு. அந்த இருட்டில் குழந்தை பகலிலும் நன்றாகத் தூங்கும். தலைக்கு மேலே நடன அரங்கமோ நீச்சல் குளமோ இருக்கிறதா என்று தள வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். சுவரிலிருந்து இறக்கும் மேல்படுக்கையில் சிறு பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். தொட்டில் வேண்டுமென்றால், முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.